மண்டியின்மேல் தெளிந்த மது
(நாந்த் நகரத்து வெண்மதுவும் அதன் உணவுத் துணைகளும்: ஒரு வரலாற்று நோக்கு)

சங்க இலக்கியத்தில் தோய்ந்தவர்களுக்குத் 'தேறல்' என்னும் சொல் புதியதன்று. 'தேறு' என்னும் வினையடியாகப் பிறந்த பெயர் அது. கலங்கியது தெளிவதே தேறுதல். மண்டி அடியில் தங்க, மேலே தெளிந்து நின்ற மதுவைத் தேறல் என்றனர் நம் முன்னோர். யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த தேறலை உண்டு பாண்டியன் நன்மாறன் இனிது வாழ்வானாக என நக்கீரர் வாழ்த்திய செய்தியைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் தருகிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நிகழ்த்திய அகழாய்வில் கிடைத்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த ஓடுகள் அந்தக் கூற்றுக்கு மண்ணுக்குள்ளிருந்து வந்த சாட்சிகள்.

அதே தமிழில்தான் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். ஆகவே மதுவைப் பற்றி எழுதப் புகும் தமிழ்க் கட்டுரையாளன் இரண்டு குரல்களுக்கு நடுவே நின்றுதான் எழுத வேண்டியுள்ளது. குடியைப் போற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு பானமும் அதனோடு ஒரே மேசையில் வைக்கப்படும் உணவுகளும் எவ்வாறு ஒன்று சேர்ந்தன என்று கேட்டால், அக்கேள்விக்கு விடையாக ஒரு நாட்டின் குளிரும் வரியும் கடலும் குற்றமும் எழுந்து வருகின்றன. அவற்றைச் சொல்வதே நோக்கம்.

நான் எடுத்துக்கொண்ட பொருள், பிரான்சின் மேற்குக் கரையில் நாந்த் நகரைச் சூழ்ந்து விளையும் 'முஸ்கதே' என்னும் வெண்மது. பர்கண்டியின் பெருமையோ ஷாம்பேனின் ஆரவாரமோ இதற்கு இல்லை. வெளிறிய நிறம், மெல்லிய உடல், நாவைச் சுருக்கென்று தொடும் புளிப்பு, பச்சை ஆப்பிளையும் எலுமிச்சையையும் நினைவூட்டும் அடங்கிய மணம், முடிவில் சிறிது உப்பின் சாயல். அவ்வளவே. மீனவர் வீட்டிலும் துறைமுக உணவுக் கடையிலும் பன்னெடுங்காலம் புழங்கிய எளிய மது இது. பெரியவற்றுக்குப் பாடல்கள் ஏராளம் உண்டு. எளியதற்கு வரலாறாவது இருக்கட்டும்.

பெயரும் குலமும்

முஸ்கதே என்பது ஊரின் பெயர் அன்று. திராட்சையின் பெயரும் அன்று. கத்தூரி மணத்தைக் குறிக்கும் சொல்லோடு இப்பெயருக்கு உறவு காண்பர் சிலர். ஆனால் இம்மதுவில் அம்மணத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். திராட்சையின் பெயரோ 'மெலோன் து பூர்கோஞ்', அதாவது பர்கண்டியின் மெலோன். முலாம்பழத்தின் பெயரைக் கொண்டிருந்தும் அதன் சுவையும் இதில் இல்லை. இவ்வாறு இரண்டு பெயர்களைச் சுமந்தும் இரண்டுக்கும் பொருந்தாமல் நிற்கிறது இந்த மது.

குலத்தைப் பற்றிய உண்மை அறிவியலால்தான் வெளிப்பட்டது. 1999இல் வெளியான மரபணு ஆய்வு, வடகிழக்குப் பிரான்சின் பல திராட்சை வகைகள் ஒரே பெற்றோரின் மக்கள் என்று காட்டியது. பெற்றோரில் ஒன்று, பிரபுக்களின் தோட்டங்களில் பேணப்பட்ட பினோ. மற்றொன்று, உழவர்கள் மட்டமான நிலத்தில் வைத்த குவே பிளான் என்னும் இழிவாகக் கருதப்பட்ட கொடி. இவ்விரண்டின் கலப்பில் பிறந்தவற்றுள் ஒன்று உலகெங்கும் புகழ்பெற்ற ஷார்தொனே. மற்றொன்று நம் மெலோன். ஒரே வயிற்றில் பிறந்தவற்றுள் ஒன்று அரண்மனைக்குப் போயிற்று. ஒன்று பிறந்த மண்ணிலேயே மதிப்பிழந்து, விரட்டப்பட்டு, கடலோரத்தில் வந்து குடியேறிற்று. பெருமையும் சிறுமையும் பிறப்பால் வருவன அல்ல என்பதற்கு மனிதரிடம்தான் சான்று தேட வேண்டும் என்பதில்லை.

1709ஆம் ஆண்டின் பனி

லுவார் ஆறு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் ஓடி அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. கழிமுகத்துக்குச் சற்று மேலே நிற்பது நாந்த். நகரின் தெற்கிலும் தென்கிழக்கிலும் செவ்ர், மேன் என்னும் இரு சிற்றாறுகள் பாயும் மேட்டுநிலத்தில் திராட்சைத் தோட்டங்கள் பரந்துள்ளன. கடற்காற்று அடிக்கும் நாடாதலின் அங்கே குளிர்காலம் பொதுவாகக் கொடியதன்று.

ஆனால் 1709ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் இரவு தொடங்கிய குளிர் அவ்வாறானதன்று. ஐரோப்பிய வரலாற்றில் 'பெருங்குளிர்காலம்' என்றே அதற்குப் பெயர். ஆறுகள் உறைந்தன. கடலின் ஓரமும் உறைந்தது. மரங்கள் வெடித்துப் பிளந்தன. மண்ணில் விதைத்த கோதுமை முளையிலேயே மடிந்தது. பனி உருகியபின் பஞ்சமும் அதன்பின் நோயும் வந்தன. பிரான்சில் மட்டும் அவ்விரு ஆண்டுகளில் வழக்கத்தைவிட ஏறத்தாழ 6 இலட்சம் பேர் மிகுதியாக இறந்தனர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுவர்.

நாந்த் நாட்டின் திராட்சைக் கொடிகளில் பெரும்பாலானவை அப்பனியில் பட்டுப்போயின. அதன்பின் மறுநடவு செய்தபோதுதான் மெலோன் கொடி எங்கும் பரவியது. குளிர்காலத்தின் கடுமையை அது ஓரளவு தாங்கும், சீக்கிரமாகவே பழுக்கும். சூரிய மன்னர் எனப்பட்ட பதினான்காம் லூயியே இக்கொடியை நடுமாறு ஆணையிட்டார் என்றொரு கதை வழங்குகிறது. மன்னரின் பெயர் சேர்ந்தால் எளிய பொருளுக்கும் ஏற்றம் வருமென்று மக்கள் நம்பிய காலத்தின் கதை அது. 1709க்கு முன்பே இக்கொடி அங்கு இருந்ததற்குச் சான்றுகள் உண்டு. பனி செய்தது, ஏற்கெனவே வந்திருந்த ஏழை விருந்தாளிக்கு வீட்டையே கொடுத்ததுதான். கொடியைக் கொண்டுவந்ததும் நிலைபெறச் செய்ததும் மன்னரின் ஆணை அன்று, வணிகரின் கணக்கு.

சுங்கமும் ஒல்லாந்தரும்

பழைய பிரான்சில் ஒரே மன்னரின் ஆட்சிக்குள்ளேயே உள்நாட்டுச் சுங்க எல்லைகள் இருந்தன. நாந்த் அக்காலத்தில் பிரித்தானி மாநிலத்தைச் சேர்ந்தது. ஆற்றின் மேல்பகுதியாகிய ஆன்ழூ நாட்டிலிருந்து மது கடலை நோக்கி வரவேண்டுமானால் எங்கிராந்த் என்னும் இடத்தில் சுங்கம் கட்ட வேண்டும். அவ்வளவு வரியைத் தாங்கிக் கடல் கடக்கத்தக்கது உயர்ந்த விலை மதுவே. எல்லைக்குக் கீழே விளைந்த நாந்த் மதுவுக்கு அச்சுமை இல்லை. எனவே அது மலிவாகத் துறைமுகத்தை அடைந்தது.

அந்தத் துறைமுகத்தில் காத்திருந்தவர்கள் ஒல்லாந்த வணிகர். 17ஆம் நூற்றாண்டில் கடல் வாணிகத்தின் தலைமை அவர்களிடம் இருந்தது. அவர்களுக்கு வேண்டியது மணமிக்க மது அன்று. காய்ச்சி வடிப்பதற்கேற்ற, விலை குறைந்த, புளித்த வெண்மது. மதுவைக் காய்ச்சி வடித்தால் அளவு சுருங்கும், கப்பற்கூலி குறையும், நெடும்பயணத்தில் கெடாது. அதனை அவர்கள் 'எரித்த மது' எனப் பொருள்படும் சொல்லால் அழைத்தனர். இன்று நாம் அறிந்த 'பிராந்தி' என்னும் சொல் அதிலிருந்து வந்ததே. இவ்வாறு முஸ்கதேயின் தொடக்கம் சுவைஞரின் மேசையில் அன்று. வடிகலத்தின் அடியில் எரிந்த நெருப்பில்.

கடலின் இருள்

இவ்விடத்தில் கட்டுரை நின்று, திரும்பிப் பார்க்க வேண்டியுள்ளது. நாந்திலிருந்து கப்பலேறிய பிராந்தி எங்கே சென்றது?

18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் அடிமை வாணிகத்தில் முதலிடம் வகித்த துறைமுகம் நாந்த். ஏறத்தாழ 1,700 அடிமைக் கப்பற் பயணங்கள் அங்கிருந்து புறப்பட்டன. 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க மக்கள் அக்கப்பல்களில் அட்லாண்டிக்கைக் கடக்கச் செய்யப்பட்டனர். அவர்களை வாங்குவதற்காக ஆப்பிரிக்கக் கரைக்கு ஏற்றிச் சென்ற பண்டங்களில் பிராந்தியும் ஒன்று. துணியும் ஒன்று.

அந்தத் துணியைப் பற்றிச் சொல்லும்போது தமிழ்க் கரையும் இவ்வரலாற்றுக்குள் வந்துவிடுகிறது. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவிலிருந்து கொண்டுசென்ற சரக்குகளின் ஏலம், 1734இல் லோரியான் துறைமுகத்துக்கு மாற்றப்படும்வரை, நாந்தில் நடந்தது. புதுச்சேரி வழியாகச் சென்ற சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகள், குறிப்பாக அவுரிச் சாயம் தோய்ந்த நீலத்துணி, ஆப்பிரிக்கச் சந்தையில் பெரிதும் விரும்பப்பட்டன. 'கினி' என்றே அத்துணிக்குப் பெயர் வழங்கிற்று. 1759இல் அச்சிட்ட பருத்தித் துணி மீதான தடை பிரான்சில் நீங்கியபின் நாந்திலேயே 'இந்தியத் துணி' என்ற பெயரால் நம் வண்ணத்துணிகளைப் பார்த்துச் செய்யும் தொழிற்கூடங்கள் எழுந்தன. அவற்றின் சரக்கும் அதே கப்பல்களில் ஏறிற்று. தறியில் அமர்ந்திருந்த நம் கைக்கோளருக்கோ அவுரித் தொட்டியில் கையை நனைத்த சாயக்காரருக்கோ அத்துணி யாருடைய விலையாக மாறப்போகிறது என்பது தெரிந்திருக்க வழியில்லை. திராட்சை பறித்த நாந்த் உழவனுக்கும் தன் மதுவின் பயணம் முழுவதும் தெரிந்திராது. ஆயினும் இரண்டும் ஒரே கப்பலின் அடித்தளத்தில் அருகருகே கிடந்தன.

திரும்பி வந்த கப்பல்களில் சர்க்கரை வந்தது. நாந்தின் புகழ்பெற்ற பாதாம் கேக்கில் இன்றும் கரும்புச் சாராயமாகிய ரம்மும் சர்க்கரையும் கலந்திருப்பதற்குக் காரணம் அதுவே. 2012இல் லுவார் ஆற்றங்கரையில் அடிமை ஒழிப்பு நினைவிடம் ஒன்றை அந்நகரம் திறந்தது. நடைபாதையில் பதித்த கண்ணாடிப் பலகைகளில் அந்தக் கப்பல்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. நடப்பவர் காலடியில் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மறைத்திருக்கக்கூடியதை ஒரு நகரம் தன் தரையிலேயே எழுதிக்கொண்டது.

கொடி ஒருவனுக்கு, மண் ஒருவனுக்கு

நாந்த் நாட்டில் வழங்கிய நில உரிமை முறை தனித்தன்மை வாய்ந்தது. நிலம் சொந்தக்காரருடையது, அதில் நட்ட கொடி நட்டவனுடையது. விளைச்சலில் ஒரு பங்கைச் சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டு, கொடி உயிரோடு இருக்கும்வரை உழவன் அதனை அனுபவிக்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லலாம். மேல்வாரம், குடிவாரம் என்னும் சொற்களை அறிந்த நமக்கு இம்முறை எளிதில் விளங்கும்.

'கொடி உயிரோடு இருக்கும்வரை' என்ற அந்த நிபந்தனையில்தான் ஆபத்து ஒளிந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்செரா என்னும் வேர்ப்பேன் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவதே அதற்குக் கண்ட மருந்து. ஆனால் பழைய கொடி செத்துப் போயிற்று என்றால் உழவனின் உரிமையும் செத்துப் போயிற்றா? புதிய கொடியை நட அவனுக்கு உரிமை உண்டா? சொந்தக்காரர்கள் இல்லை என்றனர். தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்ட குடும்பங்கள் உண்டு என்றன. வழக்கு மன்றங்களைக் கடந்து நாடாளுமன்றம்வரை சென்றது இச்சிக்கல். 1898ஆம் ஆண்டு மார்ச் 8இல் இயற்றப்பட்ட சட்டம், மறுநடவு செய்யும் உரிமையை உழவனுக்கு அளித்தது. ஒரு சிறு பூச்சி எழுப்பிய கேள்விக்கு ஒரு குடியரசு விடைசொல்ல வேண்டியதாயிற்று.

இந்த மண் பட்ட துன்பம் பூச்சியோடு நின்றதன்று. பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து 1793இல் எழுந்த வாந்தே கலகத்தின் களமும் இதுவே. க்ளிசோன் நகரம் தீக்கிரையாயிற்று. பின்னர் 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியச் சாயலில் மீண்டும் எழுப்பப்பட்டது. அதே காலத்தில் நாந்தில் கர்ரியே என்னும் புரட்சி அதிகாரி கைதிகளைப் படகுகளில் ஏற்றி லுவார் ஆற்றில் மூழ்கடிக்கச் செய்தான். எதிர்க்கரையில் கொடிகள் அவ்வாண்டும் தளிர்த்திருக்கும்.

கவிஞர்களாகிய நம் வட்டத்தார் அறியத்தக்க மற்றொன்றும் உண்டு. இத்தோட்டங்களுக்கு நடுவே உள்ள ல பல்லே என்னும் சிற்றூரில்தான் 1079இல் மெய்யியலாளர் அபேலார் பிறந்தார். எலுவீஸைக் காதலித்து அவர் பாடிய காதற்பாடல்கள் பாரிஸ் நகரெங்கும் பாடப்பட்டன என்று கடிதங்கள் சொல்கின்றன, அப்பாடல்கள் கிடைக்கவில்லை. எலுவீஸ் தம் மகனைப் பெற்றெடுத்ததும் இவ்வூரிலேதான். அன்று அங்கே மெலோன் கொடி இல்லை. கவிஞரின் பாடல்கள் தொலைந்தன; அவர் அறியாத கொடி அவர் ஊரின் பெயரை இன்று உலகுக்குக் கொண்டுசெல்கிறது.

மண்டியின்மேல் துயில்

வடிகலத்துக்கு உரியதாய் இருந்த மது, குடிப்பதற்கு உரியதாய் மாறியது எவ்வாறு? அதற்குத் துணை நின்றது, தேறல் என்ற நம் சொல்லுக்கு எதிர்த்திசையில் செல்லும் ஒரு வழக்கம்.

திராட்சைச் சாறு நொதித்து முடிந்தபின், வேலை முடித்த நொதிமங்கள் இறந்து பீப்பாயின் அடியில் மண்டியாகப் படியும். பொதுவாக மதுவை இறுத்து வேறு பீப்பாய்க்கு மாற்றி, மண்டியை நீக்கிவிடுவர். நாந்த் உழவர் அவ்வாறு செய்யாமல், குளிர்காலம் முழுவதும் மதுவை மண்டியின் மேலேயே அசைக்காமல் கிடக்க விட்டனர். திருமணத்துக்கும் திருவிழாவுக்குமென ஒரு நல்ல பீப்பாயை வீட்டார் தொடாமல் ஒதுக்கி வைப்பர் என்றும், அந்தப் பீப்பாயின் மது மற்றவற்றினும் சுவையாக இருப்பதைக் கண்டு வழக்கமாக்கினர் என்றும் ஊரார் கூறுவர்.

காரணம் பின்னாளில் தெரிந்தது. இறந்த நொதிமங்களின் உயிரணுச் சுவர் மெல்லச் சிதைந்து, அதிலுள்ள புரதமும் சர்க்கரைப் பொருளும் மதுவில் கரைகின்றன. அவை மெலிந்த மதுவுக்குச் சற்றுத் திரட்சியையும், ரொட்டி மாவை நினைவூட்டும் மணத்தையும் தருகின்றன. மண்டி காற்றின் உயிர்வளியையும் உறிஞ்சிக்கொள்வதால் மது இளமை குன்றாமல் இருக்கிறது. நொதித்தபோது எழுந்த வளி சிறிது தங்கிவிட, நாவின் நுனியில் மெல்லிய சுறுசுறுப்பு தோன்றும். 'சூர் லீ', அதாவது 'மண்டியின் மேல்' என்று புட்டியில் எழுதப்படுவது இதனையே.

செவ்ர்–மேன் பகுதியின் முஸ்கதேக்கு 1936இல் பிறப்பிடப் பெயர்க் காப்பு கிடைத்தது. மண்டியின் மேல் கிடந்தது என்று சொல்ல வேண்டுமானால் ஒரு குளிர்காலம் முழுவதும் கிடந்திருக்க வேண்டும்; அறுவடைக்கு அடுத்த மார்ச் மாதத்துக்கு முன் புட்டியில் அடைக்கக் கூடாது. 2011இல் க்ளிசோன், கோர்ஜ், ல பல்லே என்னும் மூன்று ஊர்கள் தத்தம் பெயராலேயே மதுவை விற்கும் உரிமை பெற்றன. பின்னர் வேறு ஊர்களும் சேர்ந்தன. க்ளிசோன் கருங்கல் நிலம். கோர்ஜ் 'கப்ரோ' என்னும் கரும்பச்சைப் பாறை நிலம். இவ்விரண்டிலும் மது குறைந்தது 24 மாதம் மண்டியின் மேல் கிடக்க வேண்டும் என்பது விதி. அவ்வளவு காலம் கிடந்த மது பத்து, பதினைந்து ஆண்டுகள்கூடத் தாங்குகிறது. எளியது நீடிக்காது என்று எண்ணியோர் வியந்தனர்.

மேசையில் சேர்ந்தவை

இனி உணவுத் துணைகள். மீன் குழம்பில் புளி சேர்ப்பது ஏன் என்று அறிந்த தமிழருக்கு இப்பகுதியில் பெரிதாக விளக்க ஒன்றுமில்லை. கடலின் உப்புக்கும் கொழுப்புக்கும் புளிப்பு எதிர்நின்று சமன்செய்யும்.

முதலிடம் கடற்சிப்பிக்கு. அட்லாண்டிக் கரையில் வளர்க்கும் சிப்பியை ஓட்டோடு திறந்து, சமைக்காமல், அதன் உப்புநீரோடு உண்பர். எலுமிச்சைச் சாறு பிழியும் வேலையை இங்கே மதுவே செய்துவிடுகிறது. கடலுணவோடு செம்மது ஏன் பொருந்துவதில்லை என்பதற்கு 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு விடை கண்டனர். மதுவில் கரைந்துள்ள இரும்பு, சிப்பி இறைச்சியின் கொழுப்போடு வினைபுரிந்து மீன்வாடையை எழுப்புகிறது; செம்மதுவில் பலவேளை இரும்பு மிகுதி. வெண்மதுவைத் தேர்ந்த மீனவர் இதை ஆய்வுக்கூடமின்றியே அறிந்திருந்தனர்.

அடுத்தது மட்டி. சிறிய வெங்காய வகையாகிய 'எஷலோத்'தை நறுக்கி வெண்ணெயில் வதக்கி, ஒரு குவளை முஸ்கதே ஊற்றி, மட்டிகளைக் கொட்டி மூடினால், சில நிமிடங்களில் ஓடுகள் திறந்துகொள்ளும். சட்டியில் ஊற்றிய மதுவே குவளையிலும் இருக்கும். தணலில் சுட்ட மத்தியும், அவித்த கடல் இறாலும் இவ்வரிசையில் அடங்கும்.

மூன்றாவது, இந்நாட்டின் பெருமையாகிய 'வெண்ணெய்ச் சாறு'. எஷலோத்தை முஸ்கதேயிலும் காடியிலும் இட்டு, நீர் வற்றும்வரை காய்ச்சி, இளஞ்சூட்டில் குளிர்ந்த வெண்ணெயைச் சிறுசிறு துண்டாகச் சேர்த்து, கொதிக்க விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் பாலாடைபோல் திரண்டு வரும். 1890ஐ ஒட்டி, லுவார் கரையின் ல ஷெபுயெத் என்னும் சிற்றூரில் உணவுக் கடை நடத்திய கிளெமான்ஸ் லெஃபெவ்ர் என்னும் அம்மையார் இதனை ஆக்கினார் என்பர். வேறொரு சாறு செய்யப் புகுந்து முட்டை சேர்க்க மறந்ததால் விளைந்தது இது என்றும் கதை உண்டு. பெண் ஒருத்தியின் கைத்திறனை மறதியின் கணக்கில் எழுதும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு போலும். மதுவோடு வெண்ணெயைப் பிரியாமல் கூட்டுவதற்கு மறதி போதாது. மணிக்கட்டின் பழக்கம் வேண்டும்.

இச்சாற்றை ஆற்று மீன்களின்மேல் ஊற்றுவர். அவற்றுள் ஒன்று 'அலோஸ்'. நாம் உல்லம் என்றும் வங்காளிகள் இலிஷ் என்றும் கூறும் மீனின் உறவு அது. அதுபோலவே கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றை எதிர்த்து ஏறி வரும். அதுபோலவே முள் நிறைந்தது.

வெண்ணெயில் உப்பு சேர்ந்திருப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய பிரான்சில் மக்கள் மிகவும் வெறுத்தது உப்பு வரி. பிரித்தானி மாநிலம் அதிலிருந்து விலக்குப் பெற்றிருந்தது. கெராந்த் உப்பளங்கள் அருகிலேயே இருந்தன. ஆதலின் பிற இடங்களில் அருமையாய் இருந்த உப்பை இங்கே வெண்ணெயிலும் தாராளமாகக் கலந்தனர். ஒரு வரி இல்லாமையின் சுவை இன்றும் அந்நாட்டு வெண்ணெயில் தங்கியிருக்கிறது. இனிப்புப் பண்டமும் காரமான இறைச்சிக் குழம்பும் இம்மதுவோடு சேரா. சேர்த்தால் மதுவின் மெல்லிய குரல் அடங்கிப்போகும். 8 முதல் 10 பாகை வெப்பத்தில் குளிரவைத்துப் பரிமாறுதல் வழக்கம்.

சிப்பி, மட்டி, வெண்ணெய், உப்பு, மது ஆகிய ஐந்தும் ஒன்றுக்கொன்று பொருந்துவதைச் 'சுவைப் பொருத்தம்' என்று மட்டும் சொல்லி நிறுத்துவது அரைகுறை விளக்கம். கடல் அருகில் இருந்தது, வரி இல்லாதிருந்தது, பனி ஒரு கொடியை நிலைக்கச் செய்தது, வறியவர்கள் அருகில் கிடைத்தவற்றை ஒன்றாக உண்டனர். நாக்கு பின்னர்தான் அதற்கு ஒப்புதல் தந்தது.

அண்மைக் காலம்

1709இன் பனியைத் தாங்கிய கொடிக்கு வேறொரு பனி பகையாயிற்று. மெலோன் இளவேனிலில் முந்தித் துளிர்க்கும். தளிரின் மேல் உறைபனி விழுந்தால் அவ்வாண்டு விளைச்சல் போயிற்று. 1991 ஏப்ரலில் அவ்வாறு விளைச்சலின் பெரும்பகுதி அழிந்தது. விலை ஏறவே, மலிவை நம்பி வாங்கிய அயல்நாட்டார், குறிப்பாக ஆங்கிலேயர், வேறு மதுவை நாடினர், திரும்பவில்லை. ஒருகாலத்தில் ஏறத்தாழ 13,000 எக்டேர் பரந்திருந்த தோட்டங்கள், அதற்கடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் பாதியை நெருங்கும் அளவுக்குச் சுருங்கின. பலர் கொடியைப் பிடுங்கிவிட்டு வேறு தொழிலுக்குப் போயினர். 2008, 2016, 2021 ஆண்டுகளிலும் இளவேனிற் பனி தாக்கிற்று. குளிர்காலம் வெம்மையுறத் துளிர்ப்பு இன்னும் முந்துகிறது. பனியோ தன் நாளை மறப்பதில்லை. இரவெல்லாம் தோட்டத்தில் மெழுகுச் சட்டிகளை ஏற்றிவைத்துத் தளிரைக் காக்கும் காட்சி, காண்பவருக்குத் திருவிழா, காப்பவருக்குக் கவலை.

எஞ்சியோர் மலிவில் போட்டியிடுவதை விடுத்துத் தரத்தை நாடினர். ஊர்ப்பெயர் மதுக்கள் தோன்றியது அந்த நெருக்கடியின் விளைவே. தோற்றுக்கொண்டிருந்தபோதுதான் அவர்கள் தம் நிலத்தின் பாறைகளைப் பெயர் சொல்லி அறியத் தலைப்பட்டனர்.

நிறைவாக

நம் வட்டம் கூடத் தொடங்கிப் பத்தாண்டு நிறைகிறது. இம்மலரில் இந்த மதுவைப் பற்றி எழுதியதற்குக் காரணம் சொல்லி முடிக்கிறேன்.

தெளிவதற்கு நம் முன்னோர் கண்ட வழி, மண்டியைப் பிரித்துவிட்டு மேலே நிற்பதை எடுத்துக்கொள்வது. அவ்வாறு வடித்ததே தேறல். நாந்த் உழவர் கண்ட வழி மற்றொன்று: மண்டியோடு அசையாமல் கிடந்து தெளிவது. மரபைப் பற்றி நாம் இங்கே நிகழ்த்திய வாதங்களில் இவ்விரு வழிகளும் மாறிமாறி வந்ததை நண்பர்கள் நினைவுகூர்வர். மரபில் உள்ள கசடுகளை நீக்கிவிட்டுத் தூயதை மட்டும் பாடுவோம் என்றோர் உளர். கசடையும் அறிந்து அதன்மேல் நின்றே பாட வேண்டும் என்றோரும் உளர்.

ஒரு சிறிய மதுவின் வரலாற்றை எழுதப் புகுந்தபோது, அதன் அடியில் பஞ்சமும் அடிமைக் கப்பலும் நம் நீலத்துணியும் படிந்து கிடக்கக் கண்டேன். அவற்றை இறுத்து நீக்கியிருந்தால் கட்டுரை இனிமையாக இருந்திருக்கும், உண்மையாக இருந்திராது. நாந்த் நகரம் தன் மண்டியைக் கண்ணாடியில் பொறித்துத் தன் கரையில் வைத்திருக்கிறது. நாமும் நம் அடுத்த பத்தாண்டுகளில் எழுதப்போவது தெளிந்ததாக இருக்கட்டும். எதன்மேல் தெளிந்தது என்பதை மறவாததாகவும் இருக்கட்டும்.